பேராதனைப் பூந்தோட்டம், மகாவலி வளைத்த நிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகப் பாடசாலைகளில் படித்தவர்களில் பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சுற்றுலா போகாதவர்கள் குறைவு. கட்டுச்சோறு, வரிசை, ஓக்கிட் பூ, தொங்குபாலத்தில் ஒரு படம், பிறகு பஸ். அந்த மண்ணுக்கும் நம் தோட்டத்து லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும் என்ன உறவு என்பதை அந்த ஒரு நாளில் யாரும் சொல்லித் தருவதில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் புதிதாக வந்த ஆசிரியர்களும் இதைப்பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மரங்களைவிட வரலாறுதான் இதில் அதிகம் வரும். நம்மைப் பற்றிய வரலாறு என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

பூந்தோட்டம் இருக்கும் இடம் ஒரு தீவா?

முழுத் தீவு இல்லை. மூன்று பக்கம் மகாவலி கங்கை, நான்காம் பக்கம் மட்டும் தரை. அந்தத் தரைப் பக்கமாகத்தான் கொழும்பு–கண்டி வீதி போகிறது, பிரதான வாசலும் அங்கேதான். உள்ளே நுழைந்து இடப்பக்கம் நடந்தாலும் வலப்பக்கம் நடந்தாலும் நேரே போனாலும் கடைசியில் ஆற்றங்கரைக்குத்தான் வந்து சேர்வீர்கள். அதனால்தான் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் அதைத் தீவு என்று சொல்கிறார்கள்.

பரப்பு 147 ஏக்கர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர் உயரம். கண்டி நகரிலிருந்து மேற்கே ஆறு கிலோமீற்றருக்குள் வந்துவிடலாம்.

ஆறு ஏன் இங்கே இப்படி வளைந்து போகிறது?

மகாவலி மேலே மலையில் பிறந்து, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வடக்கே வருகிறது. அட்டன் பக்கத்து ஓடைகளும் கொத்மலை ஓயாவும் அதோடு சேர்கின்றன. பேராதனைக்கு வரும்போது நிலம் கொஞ்சம் விரிந்து சமமாகிறது. சமநிலத்தில் ஓடும் ஆறு நேராகப் போவதில்லை. வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக அடித்து கரையை அரிக்கும், உட்பக்கத்தில் வேகம் குறைந்து வண்டலைப் போடும். இது நூற்றாண்டுக் கணக்கில் நடந்தால் சின்ன வளைவும் குதிரை லாடம் போலப் பெரிதாகும். உட்பக்கம் வண்டல் சேர்ந்த நல்ல மண். விதைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சமவெளி ஆறுகளில் இப்படிப்பட்ட வளைவின் கழுத்தை ஒரு பெருவெள்ளம் வெட்டிவிட்டால் உள்ளே இருக்கும் நிலம் தீவாகிவிடும். பிறகு பழைய ஆற்றுப்படுகை தூர்ந்துபோனால் தீவு மறுபடி கரையோடு சேரும். பேராதனையில் அந்தக் கழுத்துத்தான் வீதியும் கடைத்தெருவுமாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேராதனையில் வளைந்த அதே ஆறு கெட்டம்பே, ஹாலொலுவ, கட்டுகஸ்தோட்டை என்று கண்டியின் மேற்கையும் வடக்கையும் சுற்றி, பிறகு குண்டசாலைப் பக்கம் கிழக்கே திரும்புகிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கண்டி நகரமே மூன்று பக்கம் மகாவலிக்குள் இருப்பது தெரியும். பூந்தோட்டம் ஒரு சின்ன வளைவு, கண்டி ஒரு பெரிய வளைவு.

அந்த ஆறு கண்டி அரசுக்குக் காவலாக இருந்ததா?

நிச்சயமாக. காடும் கணவாயும் ஆறும்தான் கண்டியின் கோட்டைச் சுவர்கள். பூந்தோட்டத்துக்கு எதிர்க்கரையில் தெரியும் கன்னொறுவையில் 1638 மார்ச் 28ஆம் திகதி பெரிய சண்டை நடந்தது. கண்டியை எரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த போர்த்துக்கேயப் படையை இரண்டாம் இராஜசிங்கனின் படை மறித்து அழித்தது. படைத்தலைவர் தியோகோ த மெலோவும் அதில் இறந்தார்.

1803இல் ஆங்கிலேயருக்கும் அதே கதி. கண்டியைப் பிடித்த அவர்கள், நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்த முத்துசாமி என்பவரை அரசராக்கி வைத்தார்கள். நோயும் பசியும் தாங்காமல் ஜூன் மாதம் மேஜர் டேவி தலைமையில் வெளியேறியபோது வட்டபுளுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடக்க வழி இல்லை. முத்துசாமியைக் கண்டி ஆட்களிடம் ஒப்படைத்தார்கள், அவர் கொல்லப்பட்டார். அப்புறம் படையினரும் கொல்லப்பட்டார்கள். ஆற்றை மட்டும் நம்பி எதிரியைத் தடுத்த காலம் 1815இல் முடிந்தது. அந்த முறை கண்டிப் பிரதானிகளே ஆங்கிலேயரின் பக்கம் நின்றார்கள்.

வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பு பூந்தோட்டத்தில் என்ன இருந்தது?

அரசர்களின் இடம். கம்பளை அரசர் மூன்றாம் விக்கிரமபாகு பேராதனையில் அரசவை நடத்தியதாகவும், அது 1371ஆம் ஆண்டு என்றும் பூந்தோட்டத்தின் வரலாறு தொடங்குகிறது. பின்னால் கண்டி அரசர்கள் காலத்தில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) இதை அரச நந்தவனமாக ஆக்கினார். அவருக்குப் பின் வந்த இராஜாதி இராஜசிங்கன் இங்கே தங்குவதும் உண்டு. முதலாம் விமலதர்மசூரியன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு விகாரையும் இந்த நிலத்தில் இருந்தது. ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தபோது அது அழிக்கப்பட்டது.

கீர்த்தி ஸ்ரீயும் இராஜாதி இராஜசிங்கனும் நாயக்கர் வம்சத்தினர். அவர்களின் குடும்பம் தென்னிந்தியாவிலிருந்து வந்தது. அரசவையில் தமிழும் புழங்கியது. கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்டு, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். அரசர் போனதும் அரச நந்தவனம் முடிக்குரிய காணியாக ஆங்கிலேயர் கையில் வந்தது.

இந்தத் தோட்டம் முதலில் கொழும்பில் இருந்ததாமே?

ஆமாம், கொம்பனித்தெருவில். பேரை வாவி மூன்று பக்கம் சூழ்ந்த அந்த நிலத்தில் ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை இரவில் அடைத்து வைத்தார்கள். ஆங்கிலத்தில் நீண்ட காலம் அதை அடிமைத் தீவு என்ற பொருள்படும் பெயராலேயே சொன்னார்கள். 1810இல் இங்கிலாந்தின் அறிவியல் ஆலோசகர் ஜோசப் பாங்ஸின் யோசனைப்படி ஆங்கிலேயர் அங்கே ஒரு தாவரத் தோட்டம் தொடங்கினார்கள். லண்டன் கியூ பூங்காவின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். வில்லியம் கெர் என்பவர் பொறுப்பாளராக வந்தார்.

அந்த இடம் சதுப்பு, வெள்ளம் ஏறும். 1813இல் களுத்துறைக்கு மாற்றினார்கள். 1821இல் அலெக்சாந்தர் மூன் என்ற தாவரவியலாளர் அதைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். அடிமைகள் அடைபட்ட ஒரு தண்ணீர் சூழ்ந்த நிலத்தில் பிறந்த தோட்டம், இன்னொரு தண்ணீர் சூழ்ந்த நிலத்துக்கு வந்து, அங்கிருந்து பெருந்தோட்டப் பயிர்களைப் பரப்பியது. இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் படித்தால் கதை பாதிதான் விளங்கும்.

ஏன் பேராதனையைத் தேர்ந்தார்கள்?

ஆற்று நீர், வண்டல் மண், அதிகச் சூடும் இல்லை அதிகக் குளிரும் இல்லை. தாழ்நிலப் பயிரும் வளரும், மலைப்பயிரும் ஓரளவு தாங்கும். அரசரின் காணி என்பதால் யாரிடமும் விலைக்கு வாங்கவும் வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கடைசிக் காரணம் முக்கியமானதாகத் தெரிகிறது. பின்னாளில் மலைக்காடுகள் முழுக்க இதே வழியில்தான் முடிக்குரிய காணி என்று எழுதப்பட்டு, ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டன.

மூன் அங்கே முதலில் என்ன நட்டார்?

கறுவாவும் கோப்பியும். தென்மேற்கு மூலையை மட்டும் வெட்டித் துப்புரவாக்கினார்கள், மிச்சம் காடாகவே இருந்தது. மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார், அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

இதற்கும் மலையகத் தமிழருக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

கோப்பி கண்டி நாட்டுக்குப் புதிதல்ல. கிராமத்து வீட்டு வளவுகளில் நின்றது. பூவைக் கோயிலுக்கு வைத்தார்கள். ஆனால் ஏக்கர் கணக்கில் நட்டு, கூலிக்கு ஆள் வைத்துப் பறித்து, கப்பலில் ஏற்றுவது ஆங்கிலேயர் கொண்டுவந்த வேலை. 1823–24 ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் திறந்தார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே ஒரு தோட்டம் போட்டார். எங்கே? பூந்தோட்டத்துக்கு எதிர்க்கரை, கன்னொறுவையில். ஒரு கரையில் அரசின் நாற்றுமேடை, மறுகரையில் ஆளுநரின் சொந்தத் தோட்டம். கோப்பிக்கு வரிச்சலுகை கொடுத்தவரும் அவரே. ஆட்சியும் வியாபாரமும் அந்த ஆற்றின் இரண்டு கரைகளிலும் ஒன்றாக இருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு இடம் இல்லை.

சிங்களக் கிராமத்தவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. வெள்ளைக்காரத் துரையிடம் நிரந்தரக் கூலிக்கு வர அவர்கள் விரும்பவில்லை. அதனால் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களில் பஞ்சத்திலும் கடனிலும் சாதிக் கொடுமையிலும் வாடியவர்களைக் கங்காணிகள் என்ற தோட்ட மேற்பார்வையாளர்கள் திரட்டினார்கள். பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடை. காலராவும் அம்மையும் காய்ச்சலும் அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்த வழியைத்தான் திரும்ப நடந்தார்கள்.

கண்டியிலிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, நாவலப்பிட்டிப் பக்கம் போக வேண்டியவர்களுக்குப் பேராதனை ஆற்றுக்கடவைதான் வழி. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளையோடு நம் முன்னோர் கடந்த ஆறு இது. பூந்தோட்டத்து வேலிக்கு அப்பால் நடந்துபோன அவர்கள், உள்ளே நட்ட செடிகளுக்காகவே கொண்டுவரப்பட்டவர்கள்.

அப்போது அங்கே பாலம் இருந்ததா?

1833இல் முடிந்த ஒரு மரப்பாலம் இருந்தது. முழுக்க முதிரை மரம். ஒரே வளைவில் ஆற்றைத் தாண்டியது, ஏறத்தாழ 205 அடி. ஆணி அடிக்காமல் பொருத்திய வேலை என்பதால் அந்தக் காலத்தில் பார்க்க வருபவர்கள் எல்லோரும் அதைப் பற்றி எழுதினார்கள். 1905இல் அதை எடுத்துவிட்டு வேறு பாலம் கட்டினார்கள்.

கொழும்பு–கண்டி வீதியும் அதே பார்ன்ஸ் காலத்து வேலை. கடுகண்ணாவையில் அந்த வீதியைப் போட்ட கப்டன் டோசனுக்கு உயரமான கோபுரம் நிற்கிறது. இராஜகாரிய முறையில் கூலி இல்லாமல் கல் சுமந்த சிங்களக் குடியானவர்களுக்கு அங்கே ஒரு கல்வெட்டும் இல்லை. அவர்களுடைய துன்பமும் நம் முன்னோரின் துன்பமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

கோப்பி எப்படி அழிந்தது? பூந்தோட்டம் அதைத் தடுக்கவில்லையா?

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனையில் அப்போது பொறுப்பாக இருந்தவர் துவெயிட்ஸ். 1849 முதல் 1880 வரை முப்பது ஆண்டுக்கு மேல் அங்கே இருந்த மனிதர். அவர் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பூஞ்சை என்று அங்கே கண்டார்கள், இலைத்துரு என்று நாம் சொல்வது அதைத்தான். 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிவியலாளரை ஆய்வுக்கு அனுப்பினார்கள். காற்றில் பரவும் வித்துகள் எப்படி இலைக்குள் நுழைகின்றன என்று அவர் காட்டினார். மலை முழுக்க ஒரே பயிரை இடைவெளி விடாமல் நட்டதுதான் நோய் ஓடிப் பரவக் காரணம் என்றும் சொன்னார்.

அறிவு வந்தபோது காலம் கடந்திருந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, துரைமார் பலர் கடனாளியாகி ஊர் திரும்பினார்கள். தொழிலாளிக்குச் சம்பளப் பாக்கி நின்றது. கோப்பிக்காலம் முடிந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வதற்குள் எத்தனை பட்டினி இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தேயிலையும் பேராதனை வழியாகத்தான் வந்ததா?

பெரும்பாலும் ஆம். 1824இல் சீனாவிலிருந்து ஒரு தேயிலைச் செடி இங்கே வந்து நடப்பட்டதாகச் சொல்வார்கள். உறுதியான அடுத்த படி 1839இன் கடைசியில். கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து அசாம் தேயிலை விதை பேராதனைக்கு வந்தது, தொடர்ந்து செடிகளும் வந்தன. அவற்றில் சில நுவரெலியாவுக்குப் போயின. ஆனால் கோப்பியில் பணம் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் யாரும் தேயிலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1852இல் இலங்கைக்கு வந்து ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1866இல் பேராதனையில் துவெயிட்ஸிடமிருந்து சீனத் தேயிலை விதை வாங்கித் தோட்டத்துப் பாதையோரங்களில் போட்டார். 1867இல் 19 ஏக்கரில் அசாம் வகையை முறையாக நட்டார். இலங்கைத் தேயிலைத் தொழில் அந்த 19 ஏக்கரிலிருந்து எண்ணப்படுகிறது. கோப்பி செத்ததும் எல்லோரும் அவரைப் பின்பற்றினார்கள். நூற்றாண்டு முடியும்போது தேயிலைப் பரப்பு 4 லட்சம் ஏக்கரை நெருங்கியிருந்தது.

இந்த மாற்றத்தில் மனிதர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் முக்கியம். கோப்பி பருவப்பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக்கு அப்படி இல்லை. ஆண்டு முழுக்கக் கொழுந்து, ஒவ்வொரு வாரமும் மலை. அதனால் குடும்பத்தோடு வந்து தங்க வேண்டியதாயிற்று. பெண்கள் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள், லயங்கள் நீண்டன, மலையகம் என்ற ஒரு சமூகம் நிரந்தரமாயிற்று. வரலாற்று நூல்களில் டெய்லரின் பெயர் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் காடு வெட்டி, குழி தோண்டி, நாற்று ஊன்றி, முதல் கொழுந்தைக் கையால் கசக்கிய தொழிலாளிகளின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

கொய்னா, இறப்பர்?

கொய்னா மலைக்குளிருக்கான மரம் என்பதால் 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலையில் தனித் தோட்டம் போட்டார்கள். மலேரியாவுக்கு மருந்தாகும் பட்டை. கோப்பி விழுந்த ஆண்டுகளில் பலர் கொய்னாவுக்குத் தாவினார்கள், விலை சரிந்ததும் விட்டார்கள். சில தோட்டங்களில் கொய்னாமலை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஹக்கலை சீதையம்மன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

இறப்பர் தாழ்நிலத்துப் பயிர். 1876இல் கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வைத்தார்கள்.

இலங்கையர் யாரும் அந்த ஆய்வுகளில் இல்லையா?

இருந்தார்கள், பெயர் வெளியில் வராமல். ஒரே ஒருவரையாவது நினைவில் வையுங்கள்: ஹரமானிஸ் டி அல்விஸ். 1823 முதல் 38 ஆண்டு பூந்தோட்டத்தின் ஓவியராக இருந்தவர். படப்பிடிப்புக் கருவி கைக்கு வராத அந்தக் காலத்தில் ஒரு செடியின் இலை நரம்பும் பூவின் உள்ளமைப்பும் விதையும் ஒரு பிசகு இல்லாமல் தெரிய வேண்டுமானால் கையால் வரைய வேண்டும். அவருடைய பிள்ளைகளும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். துவெயிட்ஸும் பின்னால் வந்த ட்ரைமனும் எழுதிய இலங்கைத் தாவர நூல்களுக்குப் பின்னால் அந்தக் குடும்பத்தின் கண்ணும் கையும் இருக்கின்றன.

போர்க்காலத்தில் இங்கே ஒரு ராணுவ முகாம் இருந்ததா?

இருந்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியக் கூட்டுப்படையின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். அலுவலகங்கள் பூந்தோட்டத்துக்குள் அமைந்தன. பர்மாப் போர் இந்த மரநிழலிலிருந்து நடத்தப்பட்டது. போர் முடிந்ததும் எல்லாம் காலி.

வெள்ளம் வந்தால் பூந்தோட்டம் மூழ்குமா?

ஆற்றையொட்டிய தாழ்ந்த பகுதிகளில் நீர் ஏறும். 1947 ஓகஸ்ட் வெள்ளத்தைக் கம்பளை, பேராதனைப் பக்கத்து மூத்தவர்கள் இன்னும் ஆண்டுக்கணக்குக்கு அடையாளமாகச் சொல்வார்கள். 1985இல் கொத்மலை அணை வந்த பிறகு மேலே இருந்து இறங்கும் நீரில் ஒரு பங்கு அங்கே தேங்குகிறது. கீழே பொல்கொல்லையில் 1976இல் கட்டிய அணை மகாவலி நீரைச் சுரங்கம் வழியே மாத்தளைப் பக்கம் திருப்பி, வடமத்திய வயல்களுக்கு அனுப்புகிறது.

மலைச்சரிவில் காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டதில் எத்தனையோ மேல்மண் கழுவுண்டு இந்த ஆற்றில் இறங்கியது. மழை நாளில் பேராதனைப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடும். அது அட்டன், நாவலப்பிட்டி, கொத்மலைப் பக்கத்து மண்.

பெரஹராவுக்கும் இந்த ஆற்றுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கண்டி எசல பெரஹரா ஊர்வலம் முடிந்ததும் கெட்டம்பேயில் மகாவலியில் நீர்வெட்டுச் சடங்கு நடக்கும். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்ற நான்கு தேவாலயங்களின் பூசாரிகளான கப்புராளைமார் ஆற்றில் இறங்கி நீரை வாளால் வெட்டிக் குடத்தில் எடுத்துப் போவார்கள். கதிர்காமத் தெய்வம் நம் கந்தன், பத்தினித் தெய்வம் நம் கண்ணகி. நம் கோயில்களில் கொடியேற்றித் தேர் ஓடித் தீர்த்தம் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சடங்கு அந்நியமாக இருக்காது.

நேரம் குறைவு. எந்த மரங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

சிறு பிள்ளைகள் என்றால் இராட்சத மூங்கில். மழைக்காலத்தில் குருத்து ஒரே நாளில் ஓர் அடி அளவுக்கு ஏறும், அருகில் நின்று அளந்து காட்டலாம். சீசெல்ஸ் தீவிலிருந்து வந்த இரட்டைத் தென்னை உலகிலேயே பெரிய விதை தருவது, 1850 முதல் இங்கே இருக்கிறது. பெரிய புல்வெளியில் குடைபோல் விரிந்து நிற்கும் ஜாவா அத்தியின் அடியில் ஒரு வகுப்பே உட்காரலாம்.

நாகலிங்க மரம் ஒன்றை 1901இல் பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்டார். சிவன் கோயில்களில் நாம் பார்க்கும் அந்த மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. 1887இல் வரிசையாக வைத்த பனஞ்சாலை ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகள் மலை நடுவே பனையைக் கண்டதும் நின்றுவிடுவார்கள்.

மேலே பாருங்கள். மரங்களில் தலைகீழாகத் தொங்கும் வௌவால் கூட்டம் பட்டப்பகலிலேயே சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

நினைவு மரங்களின் பலகைகளில் யார் பெயர் இருக்கிறது?

நட்ட அரசர், இளவரசர், பிரதமர், ஜனாதிபதி. வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் ஒரு மரம் நடுவது இங்கே பழைய வழக்கம். பொறுப்பாளராக இருந்து 1849இல் இறந்த கார்ட்னருக்கு ஒரு நினைவு மண்டபமும் இருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். கோப்பி, தேயிலை, கொய்னா ஆகியவற்றின் பக்கத்தில், இந்தப் பயிர்களுக்காக எந்த மக்கள் எங்கிருந்து எப்படி வந்தார்கள் என்று மூன்று மொழியிலும் சொல்லும் ஒரு பலகை வேண்டும். சின்னக் கோரிக்கைதான். இருநூறு ஆண்டுக்குப் பிறகாவது நிறைவேற வேண்டியது.

எப்படிப் போவது?

அட்டன், நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்களில் பெரும்பாலானவை கம்பளை வழியே பேராதனைப் பாலத்தைத் தாண்டும், பூந்தோட்ட வாசலில் இறங்கலாம். கோச்சியில் (ரயிலில்) வந்தால் பேராதனைச் சந்தியில் இறங்கிச் சிறிது தூரம். கண்டியிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம், நெரிசல் என்றால் கூட ஆகும். ஏப்ரல் விடுமுறையில் கூட்டம் தாங்காது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை கொட்டும், காலையிலேயே போய்விடுங்கள்.

இந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்க்க வேறு எங்கே போகலாம்?

பூந்தோட்டத்துக்கு எதிரே பல்கலைக்கழக வளாகத்துக்குள் குன்றின் மேல் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. அங்கே படித்த தமிழ் மாணவர்களின் முயற்சியோடு எழுந்த கோயில். ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் தேயிலை நூதனசாலை உண்டு. டெய்லர் காலத்து இயந்திரங்களையும் பொருட்களையும் அங்கே பார்க்கலாம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்துக்குப் போங்கள். தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அங்கே பழைய லயக் காம்பிராக்களிலேயே அமைந்திருக்கிறது. அம்மி, உரல், கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பழைய பத்திரங்கள் என்று நம் வீடுகளில் தொலைந்துபோனவை அங்கே இருக்கின்றன. உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டியின் பழைய தோட்டத் துண்டுச்சீட்டோ பிரஜாவுரிமைக் கடிதமோ பெட்டிக்கடியில் கிடந்தால், அழியவிடாமல் ஒரு நகல் எடுத்து வையுங்கள், போகும்போது அங்கே இருப்பவர்களிடமும் காட்டுங்கள்.